சாக்கடை மிஸ்

"சரியாயிடும்" என்ற சொல்லை லெப் மிஸ்ஸின் வாயிலிருந்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லும் சொல் அது. டொக்டர்மார் நடந்துகொண்டே சொல்வார்கள், தாதிமார் ஊசியைக் குத்தியபடி சொல்வார்கள். உயிர் போய்க்கொண்டிருக்கிறவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். அவர் மட்டும் சொல்லமாட்டார். யாராவது கேட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தெரியல" என்பார். அல்லது, "நாளைக்குக் காலையில கொஞ்சம் தெரியும்" என்பார்.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், தேயிலைச் சரிவை வெட்டிக் கட்டிய சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. பெயர் வேண்டாம். சத்திரசிகிச்சை வாட்டில் நான் அட்டெண்டன். தரை துடைப்பது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, புண்ணுக்கு மருந்து கட்டும் தள்ளுவண்டியை ஒழுங்கு செய்வது, இரத்தமும் சீழும் எடுத்த குழாய்களை மேட்டிலிருக்கும் பரிசோதனைக் கூடமான லெப்புக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் என் வேலை. அப்படிக் கொடுக்கப் போய்த்தான் அவரோடு பழகினேன்.

அப்போது அவருக்கு ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். ஒல்லியான உடம்பு. மண்ணிற ஸ்வெட்டரின் கைகளை முழங்கை வரை சுருட்டி விட்டிருப்பார். பிளீச் தண்ணீரில் கைவிரல் நுனிகள் எப்போதும் வெடித்திருக்கும். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் குடை, சோற்றுப் பெட்டி, மூடி போட்ட ஆறேழு சின்னக் கண்ணாடிப் போத்தல்கள். அந்தப் போத்தல்களால்தான் அவருக்குச் சாக்கடை மிஸ் என்று பெயர் வந்தது.

போகிற வழியில் எங்கே கறுப்புத் தண்ணீர் ஓடினாலும் குனிந்து ஒரு போத்தல் பிடித்துக்கொள்வார். லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கான், மாட்டுப்பட்டிக் கழிவு, பஜார் மீன் கடைக்குக் கீழே உள்ள பீலி, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் றொசல்லவுக்குப் போய், ஸ்டேசனுக்குக் கீழே ஓடையில் இறங்கித் தண்ணீர் எடுத்தார். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவரைப் பைத்தியம் என்று நினைத்துக் கரையேறி விட்டார்களாம். அவரே சொன்னார். சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

"எதுக்கு மிஸ் இந்த அசிங்கம்?" என்று கேட்டேன்.

"கிருமி எங்க கூட்டமா இருக்கோ அங்கதான் அதத் திங்கிறதும் இருக்கும்" என்றார். "அதுவும் ஒரு கிருமிதான். வைரஸ். பேரு ஃபேஜ். மனுசன ஒண்ணும் செய்யாது. அதுக்குன்னு உள்ள கிருமிய மட்டும் தேடிப் புடிச்சு, அதுக்குள்ள பூந்து, நூறா பெருகி, செவுத்த அறுத்துக்கிட்டு வெளிய வரும். கிருமி வெடிச்சுச் செத்துரும்."

வட்டமான கண்ணாடித் தட்டு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பாலில் ஆடை படிந்தது போலத் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருந்தது. நடுவில் மட்டும் மழைத்துளி விழுந்த அளவுக்குத் தெளிவான ஓட்டைகள் இருந்தன.

"இது கெழங்குத் தோட்டத்துக் கான் தண்ணி. வடிகட்டி ஒரு சொட்டு வுட்டேன். கிருமி இருந்த எடம் காலியாயிருச்சு பாரு."

அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சந்தோஷம் போல ஒன்றைப் பார்த்தேன். அதிக நேரம் இருக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு, "தட்டுல செத்தா மனுசன் ஒடம்புலயும் சாகும்னு சொல்ல ஏலாது" என்றார்.

அவர் பஜாரில் பெரிய புடவைக் கடைக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் பழகிய காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். ஏன் என்று ஊருக்கே தெரியும். அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா இவரை ஓரமாக அழைத்து, "புள்ளைக்கு எதும் சீக்கு இருக்கா? நீங்க ஆஸ்பத்திரியில இருக்கிறவங்க" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. மாத்திரையில் கட்டுப்பட்டிருந்தது. மிஸ் அதை அப்படியே சொல்லிவிட்டார். பலகாரத்தைக்கூடத் தொடாமல் வந்தவர்கள் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு அண்ணன் அவரோடு பேசவில்லை. அந்தப் பெண்ணும் பேசவில்லை.

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமே மிஸ்" என்றேன்.

"கேட்டாங்க" என்றார்.

"கேட்டா?"

"கேட்டாங்களே." எனக்கு அன்று அவர்மேல் மரியாதை வரவில்லை. பயம்தான் வந்தது. இந்த மனுசியிடம் எதையும் ஒளித்து வைக்க முடியாது, ஒளிக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது என்ற பயம்.

சாவு வீட்டில் அவரைப் பார்த்தவர்களுக்கு இன்னும் விசித்திரமாக இருக்கும். எங்கள் லயத்தில் ஒரு தாத்தா செத்தபோது வந்து பெண்களோடு பாயில் உட்கார்ந்தார். "நல்லா இருந்த மனுசன் திடீர்னு போயிட்டாரே" என்று ஒருத்தி அழுதாள். இவர் மெதுவாக, "திடீர்னு இல்லம்மா, ஆறு மாசமா ரத்தத்துல சீனி கூடித்தான் இருந்துச்சு" என்றார். எல்லோரும் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவரோ பிரேதம் எடுக்கும் வரை அதே இடத்தில், மழையில் நனைந்த ஸ்வெட்டரோடு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களில் பாதிப் பேர் அவ்வளவு நேரம் இருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நல்லதோ கெட்டதோ, முடிவை அவரே வந்து சொல்வார். அது அவருடைய வேலை இல்லை. தாளை அனுப்பினால் போதும். ஆனால் கெட்ட செய்தி என்றால் மேட்டிலிருந்து இறங்கி வந்து, கட்டிலின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நோயாளியின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

புஷ்பராணி அக்கா எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிசனைச் சேர்ந்தவள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. ஐப்பசி மழையில் கூடையோடு மலையில் சறுக்கி விழுந்து, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து எங்களிடம் அனுப்பினார்கள். தையல் பிரித்த இடம் மூடவில்லை. அதற்குள்ளிருந்து பச்சை நிறத்தில் சீழ் வரத் தொடங்கியது. அழுகின திராட்சை போல ஓர் இனிப்பு வாடை. வாட்டுக்குள் நுழையும்போதே அந்த வாடை வரும். அக்கா போர்வையை மேலும் மேலும் இழுத்துக் காலை மூடிக்கொள்வாள்.

நான் கொண்டுபோன சீழைப் பார்த்ததும் மிஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் சோதித்துத்தான் சொன்னார். சூடோமோனாஸ் என்ற கிருமி. எங்களிடம் இருந்த மருந்து எதற்கும் அசையவில்லை. கடைசியாக ஒரு மருந்து மிச்சம் இருந்தது. அதை ஐந்து நாள் போட்டதும் அக்காவின் சிறுநீரகம் தாங்கவில்லை. நிறுத்திவிட்டார்கள். காலை எடுக்கவேண்டி வரும் என்று வாட்டு டொக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் புருசன் செத்து ஏழு வருசம். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். காலில்லாமல் எந்த மலையில் ஏறிக் கொழுந்து எடுப்பாள்?

மிஸ் அந்தக் கிருமியை வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தார். ஒவ்வொரு போத்தல் தண்ணீரையும் வடிகட்டி அதன்மேல் சொட்டு விட்டுப் பார்த்தார். நானும் எங்கள் லயத்துக் கான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கொத்மலைப் பக்கம் போன ஒரு வேன்காரர் அணைக்கு மேலே இருந்து கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துக்குக் கீழே, மறைப்பில்லாமல் ஓடும் வாய்க்காலில் எடுத்த தண்ணீரில் கிடைத்தது. தட்டில் பெரிய பெரிய ஓட்டைகள். எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது.

"மிஸ், இத இப்பவே அக்கா கால்ல ஊத்தலாமா?"

"சாக்கடைத் தண்ணியவா?" என்று என்னைப் பார்த்தார். "சுத்தம் பண்ணணும். செத்த கிருமியோட நஞ்செல்லாம் எடுக்கணும். அனுமதி வாங்கணும். வேற ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

கண்டியிலிருந்து மாதம் இரண்டு தடவை வரும் கிருமியியல் டொக்டர் அம்மா ஒருவர் இருந்தார். அவர் முயற்சி எடுத்து, பல்கலைக்கழகத்தில் தனக்குத் தெரிந்தவர்களிடம் சுத்தம் செய்யக் கொடுத்து, குழு கூட்டி, ஒரு தடவைக்கு மட்டும் அனுமதி வாங்கினார். அதற்குள் ஏழு வாரம் ஓடிவிட்டது. அங்கே இன்னொரு பரிசோதனையும் செய்துகொண்டிருந்தார்களாம். ஃபேஜை விட்டுவிட்டு, அது சுவரை அறுக்கப் பாவிக்கும் நொதியத்தை, அதாவது என்சைமை, மட்டும் தனியாகப் பிரித்தெடுப்பது. அதில் ஒரு சின்னக் குழாய் மிஸ்ஸுக்கு வந்தது. வேறொரு கிருமி வளர்ந்து கலங்கிக் கிடந்த தண்ணீரில் அதை விட்டார். நான் வாட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் தண்ணீர் தெளிந்திருந்தது. அக்காவுக்கு இதைக் கொடுக்கலாமே என்று கேட்டேன். அவளுடைய கிருமிக்கு வெளியே இன்னொரு சட்டை இருக்கிறது, நொதியம் தனியாக உள்ளே போகாது என்றார்.

சுத்தம் செய்த ஃபேஜ் வந்த அன்று மிஸ் ஸ்டூலைப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். கையெழுத்துத் தாள் மடியில் இருந்தது.

"இது கிருமியத் திங்கிற வைரஸ். இந்த ஆஸ்பத்திரியில இதுவரைக்கும் யாருக்கும் போடல" என்றார்.

"போட்டா கால் சரியாயிருமா மிஸ்?"

"தெரியல."

"பின்ன எதுக்குப் போடுறீங்க?"

"வேற ஒண்ணும் இல்ல, அதனால. போடலைன்னா கால எடுப்பாங்க. போட்டும் எடுக்க வேண்டி வரலாம்."

"எல்லாரும் சரியாயிடும் சரியாயிடும்னே சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் தெரியலைங்கிறீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் ஊற்றினோம். அந்தப் பத்து நாளும் புண்ணை முத்திரை உடைக்காத சேலைன் போத்தலால்தான் கழுவவேண்டும், வழக்கமான கிருமிநாசினி படக்கூடாது, பட்டால் ஃபேஜும் செத்துவிடும் என்று கண்டி டொக்டர் எழுதி வைத்திருந்தார். நான்காம் நாள் வாடை குறைந்தது. ஏழாம் நாள் பச்சை போய்விட்டது. பத்தாம் நாள் புண்ணின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் புதுச் சதை தெரிந்தது. அக்கா போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைத்தாள். மகள்கள் இரண்டு பேரையும் வரச்சொல்லிக் காலைக் காட்டினாள்.

மிஸ் மட்டும் நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இன்னிக்கு எடுத்த சீழ்ல கிருமி இல்ல" என்றார். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

பதினோராம் நாளிலிருந்து வழக்கம்போல மருந்து கட்டினோம். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் காலை நான் வாட்டுக் கதவைத் திறந்தபோது அந்த இனிப்பு வாடை வந்தது.

எல்லோரும் ஃபேஜ் தோற்றுவிட்டது என்றார்கள். கிருமி தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது, அப்படித்தான் நடக்கும் என்று கண்டி டொக்டரும் சொன்னார். மிஸ்ஸும் அதைத்தான் எதிர்பார்த்தார். புதிய சீழை வளர்த்து அதே ஃபேஜை விட்டுப் பார்த்தார். மறுநாள் தட்டில் பழையபடி பெரிய ஓட்டைகள்.

அன்று நான் குழாய்களோடு போனபோது அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாறல" என்றார். "உள்ளுக்குள்ள தப்பிப் பொழைச்சிருந்தா பெரும்பாலும் மாறியிருக்கும். இது அப்படியே பழசு. ஒளிஞ்சு கெடந்துச்சோ, இல்ல வெளியில இருந்து திரும்ப வந்துச்சோ. தேடிப் பாக்கணும்."

அதுவரை அவர் சேர்த்து வைத்திருந்த ஃபேஜ் பதினொன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு சாக்கடையில் பிடித்தது. அந்த வாட்டில் பச்சைச் சீழ் வந்த எல்லோருடைய கிருமியிலும் பதினொன்றையும் ஒவ்வொரு சொட்டு விட்டார். எந்தெந்தச் சொட்டில் ஓட்டை விழுகிறது, எதில் விழவில்லை என்று கோடு போட்ட தாளில் குறித்தார். அக்காவுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி விழுந்தது. கைரேகை ஒத்துப்போவது போல. அந்த மூவரில் ஒரு பெரியவர் அதற்கு முந்திய மாதமே செத்துவிட்டார். அவருடைய கிருமி மட்டும் லெப்புக் குளிர்பெட்டியில் உயிரோடு இருந்தது.

பிறகு ஒருநாள் காலை ஏழு மணிக்கு மிஸ் வாட்டுக்கு வந்தார். குழாய் வாய், கழுவு தொட்டி, தள்ளுவண்டி என்று ஒவ்வொன்றிலும் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்தார். நான் என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். புண் கழுவும் மஞ்சள் கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து போத்தலில் ஊற்றுவது. அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

"போத்தலக் கழுவிட்டா ஊத்துற?"

"இல்ல மிஸ். நேத்து மிச்சம் கொஞ்சம் இருக்கு. அதுக்கு மேல ஊத்துவேன்."

"எப்பவும் அப்படித்தானா?"

"அப்படித்தான் சிஸ்டர் சொல்லிக் குடுத்தாங்க."

"காலை வேளையில யாரு ஊத்துறது?"

"நான்தான் மிஸ்."

அவர் போத்தலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் என்னை லெப்புக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மேசையில் இரண்டு தட்டு இருந்தது. பதினோரு சொட்டு விட்ட தடம் இரண்டிலும். விழுந்த ஓட்டையும் விழாத இடமும் ஒன்றுக்கொன்று அச்சாக இருந்தன.

"இது புஷ்பராணியோடது. இது அந்தப் போத்தல்."

எனக்குப் புரிந்தது. புரியாதது போல, "கிருமிய கொல்ற மருந்துக்குள்ள எப்படி மிஸ் கிருமி இருக்கும்?" என்றேன்.

"தண்ணி கூடினா இந்தக் கிருமி அதுக்குள்ளயே வாழும். மிச்சத்துக்கு மேல ஊத்த ஊத்த, போத்தல் அடியில தங்கிரும். பத்து நாள் சேலைன்ல கழுவுனீங்க. போயிருச்சு. அதுக்கப்புறம் திரும்ப இதால கழுவுனீங்க."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைத் தூக்கவில்லை. என் பக்கத்தில் அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"நான் வேணும்னு செய்யல மிஸ்."

"தெரியும்."

"செத்துப்போன அந்தப் பெரியவர்?"

"அவருக்கும் இதே கிருமிதான். ஆனா இதனாலதான் செத்தாருன்னு சொல்ல ஏலாது. இல்லைன்னும் சொல்ல ஏலாது."

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு பொய்க்காக நான் அவர் காலைப் பிடித்திருப்பேன். அவர் சொல்லவில்லை.

ஃபேஜை மறுபடி போட அனுமதி இல்லை. புதிதாகக் கேட்டு எழுதினார்கள். பதில் வருவதற்குள் நஞ்சு இரத்தத்தில் ஏறி அக்காவுக்கு நினைவு தப்பத் தொடங்கியது. முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். எடுப்பதற்கு முந்திய நாள், அக்கா தெளிவாக இருந்த ஒரு மத்தியானத்தில், மிஸ் ஸ்டூலோடு வந்து அவள் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நான் அக்காவின் பக்கமே அன்று போகவில்லை.

மிஸ் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். விசாரிக்க மூன்று பேர் வந்தார்கள். வாட்டு ஆட்கள் எல்லோரையும் பெரிய டொக்டரின் அறையில் வரிசையாக நிற்க வைத்தார்கள். பேச்சு சிங்களத்தில் நடந்தது. மிஸ் தட்டுகளின் படங்களைக் காட்டி, போத்தல்தான் காரணம் என்று ஒன்று விடாமல் விளக்கினார். தலைமை வகித்தவர் கேட்டார், அந்தப் போத்தலை நிரப்பியது யார்?

எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் எதிரே நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் சொல்லிவிடுகிறவர் மிஸ். சொந்த அண்ணன் மகள் விஷயத்தையே சொன்னவர்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தட்டில் கிருமி தெரியும். யாருடைய கை என்று தெரியாது" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறேன்."

"நான் லெப் அறிக்கை கொடுக்க வந்தேன். அதில் உள்ளதைச் சொல்லிவிட்டேன். யார் நிரப்பியிருந்தாலும், அப்படி நிரப்பினால் இதுதான் நடக்கும்."

தலைமை வகித்தவர் திரும்பத் திரும்பக் கேட்டார். மிஸ் வாய் திறக்கவில்லை. கடைசியில் வாட்டுக்குப் பொதுவாக ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மிச்சத்துக்கு மேலே ஊற்றும் பழக்கத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அந்த வாட்டில் அந்தக் கிருமி வரவில்லை. கேட்காமல் வாட்டுக்குள் வந்து மாதிரி எடுத்தது பிழை என்று மிஸ்ஸுக்கு இன்னொரு கடிதம் வந்தது. இரண்டு மாதத்தில் கிழக்கே ஓர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

போகிற அன்று நான்தான் அவருடைய பெட்டியைப் பஸ் ஏறும் இடம் வரை தூக்கிப் போனேன். அண்ணன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

"புஷ்பராணிகிட்ட சொன்னியா ஜெயா?" என்றார்.

"இல்ல மிஸ்."

பஸ் வந்தது, போய்விட்டார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது என்மேல் இருந்த இரக்கத்தால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதை நினைக்கும் போதெல்லாம் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அக்கா வீட்டுக்குப் போன பிறகு அடிக்கடி போய்ப் பார்த்தேன். கட்டு மாற்றிவிட்டேன், பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்தேன். சொல்லவேண்டும் என்று போவேன். சொல்லாமல் வருவேன். செயற்கைக் கால் அளவெடுக்கக் கண்டிக்கு வரச்சொல்லித் தாள் வந்தபோது மூத்த மகள் என் வீட்டுக்கே வந்தாள். "நீங்க கூட வாங்க சித்தி. அம்மாவுக்கு ஒங்கள வுட்டா யாரு இருக்கா?" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ் டிவிசனுக்கு இறங்கிப் போனேன்.

அக்கா வாசலில் சாக்கு விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல், மிச்சத்துக்கு மேல் ஊற்றினது, தட்டு, எல்லாம். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?"

"போத்தல்ல இருந்து வந்துச்சுன்னு மிஸ் சொன்னாங்க. கால எடுக்கிறதுக்கு மொத நாளு. யாருன்னு சொல்லல. எனக்கு எதுக்குச் சொல்லணும்? நாலு மாசமா அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு, விடிஞ்சா நீ ஊத்துறதத்தானே பாத்துக்கிட்டு கெடந்தேன். ஜெயாவான்னு கேட்டேன். ஆமான்னாங்க."

நான் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"விசாரிக்க ஆளு வருவாங்கன்னாங்க. பேரு கேட்டா சொல்லுவீங்களான்னேன். கேட்டா சொல்லத்தானே வேணும்னாங்க. எனக்காகச் சொல்லாதீங்க மிஸ்னேன். அந்தம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. பொறவு எந்திரிச்சுப் போயிட்டாங்க. சொல்லமாட்டேன்னும் சொல்லல."

"ஏன் அக்கா அப்படிக் கேட்ட?"

"ஒம் வேல போனா ஏங் காலு வருமா? ஒனக்கும் மூணு புள்ளைங்க." காம்பைக் கிள்ளி எறிந்தாள். "கோவம் இல்லைன்னு நெனச்சுக்காத. இருக்கு. இல்லாத அந்தக் காலு ராத்திரியில வலிக்கும். அப்ப ஒன்னையத்தான் நெனப்பேன். நீயா வந்து சொல்லுவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எட்டு மாசமாச்சு."

பிறகு கண்டிக்கு எத்தனை மணி பஸ் என்று கேட்டாள்.

புதன்கிழமை பஸ்ஸுக்கு நின்றபோது மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். அக்கா ஊன்றுகோலோடு கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"சொல்லிட்டேன் மிஸ்."

"ம்."

"அக்கா ஒங்ககிட்ட கேட்டதையும் சொன்னாங்க."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"செத்துப்போன அந்தப் பெரியவரோட மகன் விசாரணை அன்னைக்கு வெளிய வெராந்தாவுல ஒக்காந்திருந்தாரு" என்றார் மிஸ். "அவருக்கும் தெரிஞ்சுக்க உரிமை இருக்கு. புஷ்பராணி கேட்டதும் ஞாயம். நான் செஞ்சது சரியான்னு எனக்கு இன்னும் தெரியல."

பஸ் வந்துவிட்டது. பிறகு பேசுகிறேன் என்று வைத்தேன். படி உயரமாக இருந்தது. அக்கா ஊன்றுகோலை மகளிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், கையை என் தோளில் போட்டாள். இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினேன். நான் நினைத்ததைவிட அதிகக் கனமாக இருந்தாள்.